நாத்தனாருக்குத் தைத்த போர்வை

கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவள் என்று ஆர்டிஸைப் பற்றிச் சொல்லித் திரிகிறவர்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அவள் கொடுத்ததை யார் பார்த்தது? ஒருவரும் பார்க்கவில்லை. அவள் நாத்தனார் ஜார்ஜியானா சொன்னாள், பெட்ரோல் பங்க்கில் காபி குடிக்கிறவர்கள் கேட்டார்கள், கேட்டவர்கள் பிங்கோ கூடத்தில் போய்ச் சொன்னார்கள். அவ்வளவுதான் சாட்சி. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, சரி. அதற்காக அந்த வாயிலிருந்து வருவதெல்லாம் வெந்த சோறு ஆகிவிடாது.

இன்னும் இரண்டு பேச்சு ஓடுகிறது.

“புகையிலையக் கையில குடுத்துப் புருஷனையே கட்டிப்போட்டா. அது பெரிய பாவம்.”

“அதனாலதான் டெல்பர்ட் அவளக் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிட்டான்.”

பாவமா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம். தள்ளினான் என்பது மட்டும் சுத்தப் பொய். வீட்டுக்குள் ஒரு வெளவால் நுழைந்துவிட்டால்கூடக் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு “ஆர்டிஸ்! ஆர்டிஸ்!” என்று கூப்பிடுகிற ஆள் டெல்பர்ட் கெஷிக். அவன் யாரையும் தள்ளவில்லை. அவள்தான் போனாள். நடந்ததை நடந்தபடி சொன்னால் தெரிந்துவிடும்.

ஆர்டிஸ் இந்தச் செம்மணல் ஏரி ஊரில் பிறந்தவள் இல்லை. வடக்கே இரண்டு மணி நேரம் தள்ளி, நரிமுனையில் பிறந்தவள். இருபத்திரண்டு வயதில் டெல்பர்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஆள் குள்ளம், கை பெரிது. ஏரித் தண்ணீரில் தானாக விளைகிற அரிசியை எடுக்கிற பருவத்தில் படகில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியால் கதிரை வளைத்து மறு குச்சியால் தட்டுவாள் பாருங்கள், மணி மணியாகப் படகுக்குள்தான் விழும். தண்ணீருக்குப் போவது குறைவு. முதியோர் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வருடம் சமைத்தாள். உப்புக் குறைவு என்று யாராவது சொன்னால், “டாக்டருகிட்ட சொல்லு, என்கிட்ட சொல்லாத” என்று அடுத்த தட்டுக்குப் போய்விடுவாள்.

ஜார்ஜியானா டெல்பர்ட்டின் அக்காள். நெடுநெடு என்று உயரம், கணீர்க் குரல், பாவ்வாவ் என்கிற ஆட்டத் திருவிழாவின் கமிட்டியில் பதினைந்து வருடமாக அவள் சொன்னதுதான் சட்டம். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒருவரையொருவர் கேலி செய்யலாம், அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஓஜிப்வே என்கிற அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடம் பழைய வழக்கம். கல்யாணமாகி வந்த முதல் நாளே ஜார்ஜியானா கூட்டத்தில் சொன்னாள்:

“என் தம்பி மான் வேட்டைக்குன்னு போனான். முயலத் தூக்கிட்டு வந்திருக்கான்!”

ஆர்டிஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஆமா அண்ணி. பனிக்காலம் வரட்டும். உங்க வீட்ல மானக் காணோம்னு முயலுக்குத்தான் வந்து நிப்பீங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜார்ஜியானாவும் சிரித்தாள். ஆனால் முப்பது வருடம் ஒருத்தி கேலியாகவே குத்திக்கொண்டிருந்தால், எது கேலி எது குத்து என்று குத்துகிறவளுக்கே மறந்துபோகும்.

ஆர்டிஸுக்கு ஒரே மகள், மார்லா. இருபத்தாறு வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் பெமிட்ஜி நகரத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். மகள் உள்ளே இயந்திரத்தோடு படுத்திருக்க, தாய் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தகரம் சுருட்டுவாள். சலங்கை உடைக்கு. அந்த உடை நோய் தீர வேண்டி ஆடுகிற பெண்களுடையது; நடந்தாலே மழை பெய்கிற சத்தம் கேட்கும். ஆண்கள் வாயில் அடக்குகிற புகையிலையின் தகர டப்பா மூடிதான் சலங்கையாகும். ஒரு நாளுக்கு ஒரு மூடி. அதைக் குறட்டால் கூம்பாகச் சுருட்டும்போது ஒரு வேண்டுதல். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து. பிப்ரவரி மாதப் பனிப்புயலில் பத்து நாள் மூடி கிடைக்கவில்லை. ஆர்டிஸ் சும்மா இருப்பாளா? பேக்கிங் பவுடர் டப்பாவை வெட்டினாள். அந்தப் பத்துச் சலங்கை மட்டும் உட்புறம் சிவப்பாக இருக்கும். மூன்றாவது வரிசையில், இடுப்புக்குக் கீழே தைத்தாள்.

மார்லா அதை ஒரே ஒரு பாவ்வாவில் அணிந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் ஒரு பாட்டுக்கு மட்டும் எழுந்து, பக்கவாட்டில் சின்னச் சின்னதாக அடியெடுத்து வைத்து, பாதிச் சுற்று ஆடினாள். அடுத்த வருடம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் போய்விட்டாள்.

நான்கு நாள் வாசலில் நெருப்பு அணையாமல் எரிந்தது. போனவளின் துணி, செருப்பு, படுக்கை எல்லாவற்றையும் வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள்; அப்படிக் கொடுத்துவிடுவதுதான் முறை. சலங்கை உடையை மட்டும் ஆர்டிஸ் தனியாக அலமாரியில் மாட்டி வைத்திருந்தாள். நான்காம் நாள் காலை ஜார்ஜியானா அலமாரியைத் திறந்தாள்.

“இதப் பாத்துட்டே இருந்தா நீ எந்திரிக்க மாட்ட. துக்கம் முடியற வரைக்கும் ஒரு வருஷம் எங்கிட்ட இருக்கட்டும். முடிஞ்சதும் நானே கொண்டாந்து உன் மடியில வெக்கிறேன்.”

ஆர்டிஸ் தலையாட்டினாள். டெல்பர்ட் அதைக் கம்பளியில் சுற்றி, நடுவில் தேவதாரு இலை வைத்து, அக்காளின் பிக்கப் வண்டியில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினான். அறையில் அந்த மூன்று பேர்தான் இருந்தார்கள்.

துக்கம் காக்கிற வருடம் என்பது விளையாட்டில்லை. ஆர்டிஸ் தலைமுடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டாள். முரசுச் சத்தம் கேட்கிற பக்கம் போகவில்லை. செப்டம்பரில் அரிசி பழுத்தது, அவள் படகில் ஏறவில்லை. வசந்தத்தில் மேப்பிள் பாகு காய்ச்சினார்கள், அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை. அவளுடன் சமையல் வேலை செய்கிற ஐனெஸ்தான் தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

அந்த ஐனெஸ் மே மாதத்தில் ஒரு நாள் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். தெற்கே ஏதோ ஒரு ஊர்ப் பாவ்வாவ். ஜார்ஜியானாவின் மகள் ராபின், விசிறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள். உடையின் தோள்பட்டைத் துணி புதிது, மஞ்சள். மற்றதெல்லாம் மார்லா உடுத்திய அதே நீலம். ஆர்டிஸ் படத்தை விரலால் பெரிதாக்கினாள். மூன்றாவது வரிசை. இடுப்புக்குக் கீழே. சிவப்பு.

அன்றைக்கே ஜார்ஜியானா வீட்டுக்குப் போனாள். நாத்தனார் அடுப்பில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எந்த உடை? ஓ, அதுவா? நீதானே குடுத்த.”

“வெச்சிருக்கத்தான் குடுத்தேன், அண்ணி.”

“அந்த நாள்ல உனக்கு எங்க நினைவு இருந்துச்சு? எல்லாத்தையும் குடுத்த. படுக்கையக் குடுத்த, செருப்பக் குடுத்த, இதையும் குடுத்த. குடுத்ததத் திரும்பக் கேக்கற பழக்கம் நரிமுனைல உண்டோ என்னவோ. எங்க பக்கம் கிடையாது.” எண்ணெயிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து வைத்தாள். “சூடா இருக்கு, சாப்பிடறியா?”

ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தாள். டெல்பர்ட் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான்.

“நாலாம் நாள் உங்கக்கா என்ன சொல்லி எடுத்துட்டுப் போனாங்க? நீ கூட இருந்தல்ல?”

டெல்பர்ட் சூப்பைக் கலக்கினான். கலக்கிக்கொண்டே இருந்தான். “எனக்கு அந்த நாள்ல எதுவும் ஞாபகம் இல்ல, ஆர்டிஸ்.”

பொய் சொல்லும்போது அவன் காது சிவக்கும். இரண்டு காதும் சிவந்திருந்தன. அவன் சூப்பைக் குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டான்.

அவள் ஊற்றினாள். அழவில்லை, கத்தவில்லை. நவம்பரில் ஏரி உறைகிற மாதிரி அவள் உறைந்தாள், முதலில் கரையோரம், பிறகு நடு. மறு வாரத்துக்குள் ஊர் முழுவதும் அவளைக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவள் ஆக்கியிருந்தது. ஓஜிப்வே ஊரில் இதைவிடக் கீழான பேர் திருடிக்குக்கூடக் கிடையாது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கிழவர் தட்டை நீட்டி, “அம்மா, இத நான் சாப்பிடலாமா, இல்ல அப்புறம் திரும்பக் கேப்பியா?” என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. ஆர்டிஸும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவருக்கு ஒரு கரண்டி அதிகமாக வைத்தாள். அன்று மாலை கடைக்குப் போய்ப் போர்வைக்குத் துணி வாங்கினாள்.

ஒரு முழு நட்சத்திரப் போர்வை. எட்டு முனை நட்சத்திரம். நடுவில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, மஞ்சள், ஓரத்துக்குப் போகப் போக வெள்ளை. சின்னச் சின்னச் சாய்சதுரமாக வெட்டி ஒட்டுப்போட வேண்டும். ஒன்று பிசகினால் நடு எழும்பிக் கூடாரம் மாதிரி நிற்கும். அவள் தைத்தது மேசைமேல் தண்ணீர் ஊற்றினாற்போல் படிந்தது. உள்ளே தடிமனாகப் பஞ்சு வைத்தாள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அதே வேலை.

“யாருக்கு?” என்று கேட்டான் டெல்பர்ட்.

“மார்லா வருஷக் கொடைக்கு. உங்கக்காவுக்கு.”

துக்க வருடம் முடிந்து, துணை நின்றவர்களுக்கு ஊர்முன் பரிசு கொடுப்பதுதான் வருஷக் கொடை. டெல்பர்ட்டுக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஓடிப்போய் அக்காளிடம் சொன்னான். ஜார்ஜியானா பெட்ரோல் பங்க்கில் சொன்னாள்: “பாவம், புத்தி வந்துடுச்சு. மன்னிப்புக் கேக்கறா. வாயால கேக்கத் தெரியாது, ஊசியால கேக்கறா. நான் பெரிய மனசு பண்ணி வாங்கிக்கப்போறேன்.”

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், வருடம் திரும்பியதும், ஐனெஸ் ப்ளூபெர்ரிப் பழங்களை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து ஆர்டிஸின் வாயில் முதல் பழத்தை வைத்தாள். துக்கத்தில் இருப்பவள் தானாகப் பறிக்கக் கூடாது. ஒருவர் ஊட்டிய பிறகுதான் பறிக்கலாம், ஆடலாம், அரிசிக்குப் போகலாம்.

“இப்ப எப்படி இருக்கு?” என்றாள் ஐனெஸ்.

“புளிப்பா இருக்கு.”

“பழமா?”

“பழம் நல்லாத்தான் இருக்கு.”

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை செம்மணல் ஏரிப் பாவ்வாவ். பரிசும் போட்டியும் கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் ஆடலாம், எல்லாருக்கும் சாப்பாடு. தேவதாருக் கிளை வேய்ந்த வட்டப் பந்தல், நடுவில் முரசுகள். அறிவிப்பு மைக் டெல்பர்ட் கையில். பதினேழு கோடையாக அது அவன் கையில்தான். வீட்டில் வாய் திறக்காத மனிதன் அங்கே ஆறு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவான்.

“நீல ஃபோர்டு வண்டிக்காரரே, உங்க வண்டி விளக்கு எரியுது. பேட்டரி போறதுக்குள்ள வாங்க. உள்ள உங்க மாமியார் வேற உக்காந்திருக்காங்க. அதுக்கு அவசரம் இல்ல.”

பந்தல் சிரிக்கும். நாள் முழுக்க ஆட்கள் அவனிடம் வந்துகொண்டிருப்பார்கள். ஒருவன் பேரன் முதல் தடவை ஆடுகிறான், அறிவிக்க வேண்டும். ஒருத்தி தன் அண்ணனுக்கு மரியாதைப் பாட்டுக் கேட்க வேண்டும். வருகிறவர்கள் ஒரு சிட்டிகைப் புகையிலையைச் சிவப்புத் துணியில் முடிந்து நீட்டுவார்கள். புகையிலை அங்கே புனிதம்; அதைக் கொடுத்துக் கேட்டால் கேட்டதைச் செய்தே ஆக வேண்டும். அதனால்தான், என்ன கேட்கப்போகிறாய் என்று முதலில் கேள், பிறகு கையை மூடு என்று சொல்லித்தான் ஓஜிப்வே வீடுகளில் வளர்ப்பார்கள். டெல்பர்ட்டுக்கும் தெரியும். ஆனால் பதினேழு வருடமாக ஒரு நாளைக்கு ஐம்பது பேர் நீட்டி நீட்டி, அவன் கை தனியாக ஒரு பழக்கம் பழகிவிட்டது. வாய் மைக்கில் இருக்கும். இடக்கை தானாக நீளும், வாங்கும், மூடும்.

அதை ஊரிலேயே அதிகம் கவனித்தவள் அவன் பெண்டாட்டி.

ஒரு மணிக்கு எல்லா ஆட்டக்காரர்களும் வரிசையாகக் களம் புகுந்தார்கள். சலங்கைக்காரிகள் வரிசையில் ராபின் வந்தாள், அதே உடையில். சொந்த ஊர்க் களத்தில், மார்லா பாதிச் சுற்று ஆடிய அதே புல்மேல். ஆர்டிஸ் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐனெஸ் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“விடு,” என்றாள் ஆர்டிஸ். “ஆடட்டும். எல்லாரும் நல்லாப் பாத்துக்கட்டும்.”

மூன்று மணிக்கு அவள் எழுந்து மைக் மேடைக்குப் போனாள். டெல்பர்ட் பாதி நகைச்சுவையில் இருந்தான். அவள் சிவப்பு முடிச்சை நீட்டினாள். இடக்கை நீண்டது, வாங்கியது, மூடியது. நகைச்சுவையை முடித்து, சிரிப்பு அடங்கிய பிறகுதான் யார் என்று பார்த்தான்.

“மார்லா கொடைக்கு நீதான் எனக்காகப் பேசணும்,” என்றாள் ஆர்டிஸ்.

“வேற யாரு பேசுவா? அதான் வாங்கிட்டேனே.”

“பேர் நான் சொல்றேன். எதுக்குக் குடுக்கறோம்னு நீ சொல்லணும். கண்ணால பாத்தத மட்டும் சொல்லணும்.”

“சரி, சரி. ஆரம்பி.”

கொடை தொடங்கியது. நீள மேசையில் துண்டுகள், பாகுக் குடங்கள், அரிசிப் பைகள், கம்பளிகள். ஆர்டிஸ் காதருகே பேர் சொல்ல, டெல்பர்ட் மைக்கில் உரக்கச் சொன்னான். வெஸ்லி: நான்கு இரவும் தூங்காமல் நெருப்புக் காத்தான், அவனுக்கு ஒரு கம்பளி. குழி தோண்டிய நான்கு பேர், அவர்களுக்கு அரிசி. ஐனெஸ்: வருடம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள், முதல் பழம் ஊட்டினாள், அவளுக்குச் சால்வை. ஒவ்வொருவரும் வந்து, வாங்கி, கைகுலுக்கி, வரிசையில் நின்றார்கள்.

கடைசியாக ஐனெஸும் வெஸ்லியும் நட்சத்திரப் போர்வையை இரண்டு பக்கமும் பிடித்து விரித்தார்கள். பந்தலே பாராட்டி “ஹௌ!” என்றது.

“இது உங்கக்காவுக்கு,” என்றாள் ஆர்டிஸ்.

டெல்பர்ட் முகம் மலர்ந்தது. “நம்ம ஜார்ஜியானாவுக்கு!” என்று முழங்கினான். ஜார்ஜியானா மணி கோத்த புதுத் தோல் செருப்பும் பெரிய காதணியுமாக நாற்காலியை விட்டு எழுந்தாள். நான்கு பக்கமும் பார்த்துத் தலையாட்டினாள்.

“எதுக்குன்னு சொல்லு,” என்றாள் ஆர்டிஸ். “மார்லாவோட உடைய ஒரு வருஷம் பத்திரமா வெச்சிருந்ததுக்கு. நாலாம் நாள் நீ என்ன பாத்தியோ அதச் சொல்லு.”

டெல்பர்ட் வாய் திறந்தபடி நின்றான். ஒலிபெருக்கியில் அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. எட்டுப் பக்கமும் மாட்டிய ஒலிபெருக்கி. எட்டிலும் அவன் மூச்சு.

“ஆர்டிஸ், வீட்ல போய்ப் பேசிக்கலாம்,” என்றான். மைக்கை மூட மறந்துவிட்டான். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, பாதியில் நிறுத்தினார்.

“கையில என்ன இருக்கு, டெல்பர்ட்?”

அவன் இடக்கையைப் பார்த்தான். திறந்தான். சிவப்பு முடிச்சு வியர்வையில் நனைந்திருந்தது. திருப்பித் தரலாம் என்று நினைத்தானோ என்னவோ, கை பாதி நீண்டது. ஆர்டிஸ் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முரசுக்காரர்கள் கழியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தேநீர்க் கடைக்காரர்கூட அடுப்பை விட்டு வந்து நின்றார்.

“என் அக்கா...” என்றான் டெல்பர்ட். தொண்டையைக் கனைத்தான். “ஜார்ஜியானா அக்கா, போன வருஷம், நாலாம் நாள் காலைல, எங்க மார்லாவோட சலங்கை உடைய எடுத்துட்டுப் போனாங்க. துக்கம் முடியற வரைக்கும் வெச்சிருந்து திருப்பித் தர்றேன்னு சொன்னாங்க. நான் கேட்டேன். நான்தான் சுத்தி வண்டியில வெச்சேன். யாரும் யாருக்கும் கொடையாக் குடுக்கல.” மூச்சு வாங்கினான். “துக்க வருஷம் முடிஞ்சது. அதப் பத்திரமா வெச்சிருந்ததுக்காக ஆர்டிஸ் இந்தப் போர்வையக் குடுக்கறா.”

எழுந்து நின்ற ஜார்ஜியானாவுக்கு உட்காரவும் வழியில்லை. கொடையை மறுப்பவள் என்று ஒருத்தி ஓஜிப்வே ஊரில் இதுவரை இருந்ததில்லை. வந்து வாங்கினால், வைத்திருக்கத்தான் எடுத்துப்போனேன் என்று ஊர்முன் ஒப்புக்கொண்டதாகும். களத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு அறுபது அடி இருக்கும். அத்தனை பேர் கண்ணுக்கு நடுவே அவள் நடந்து வந்தாள். ஆர்டிஸ் போர்வையை அவள் தோளில் தானே போர்த்தினாள், எட்டாத உயரத்துக்கு எம்பி. கழுத்துக்குக் கீழே நன்றாகச் சேர்த்து மூடிவிட்டாள். பிறகு கைகுலுக்கினாள்.

“கனமா இருக்கா, அண்ணி? ஒரு வருஷம் சுமந்ததுக்குக் கூலி. முயல் தோல்தான், போர்த்திக்கோங்க.”

ஜார்ஜியானா உதடு மட்டும் அசைந்தது. “நீ மனுஷியே இல்ல.”

“உங்க வீட்ல ரொட்டி பொரிக்கறப்ப மனுஷியாத்தான் வந்து நின்னேன்.”

ராபின் வண்டிக்குப் பின்னால் போய், கால்சட்டையும் பனியனுமாகத் திரும்பி வந்தாள். உடை கையில் மடங்கிக் கிடந்தது. அவள் கண் கலங்கியிருந்தது. “எனக்குத் தெரியாது அத்தை. அம்மா சொன்னத நம்பினேன்.”

“தோள்பட்டைத் துணிய மாத்தித் தெச்சது யாரு?”

ராபின் உடையை அவள் கையில் வைத்தாள்.

“தெரியாதவளுக்கு மாத்தணும்னு எப்படித் தோணுச்சு? போ. அழாத. அழறதுக்கு உன் வீட்ல யாரும் சாகல.”

கடுமையான பேச்சுதான். பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆர்டிஸ் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு மரியாதைப் பாட்டு. கொடை வாங்கியவர்கள் எல்லாரும் கொடுத்தவள் பின்னால் களத்தைச் சுற்றி ஆட வேண்டும், போர்வை வாங்கியவர் போர்த்தியபடி. ஆர்டிஸ் மகளின் உடையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் போனாள். அவள் பின்னால், ஆகஸ்ட் வெயிலில், பஞ்சு வைத்த போர்வைக்குள் ஜார்ஜியானா. வழக்கமாக நான்கு சுற்றோடு பாட்டு முடியும். ஐனெஸ் நழுவிப்போய் முரசுக்காரர்களிடம் ஒரு முடிச்சு நீட்டினாள். இன்னும் நான்கு சுற்றுப் பாடினார்கள். ஐனெஸுக்கு அந்த முடிச்சைக் கொடுத்தனுப்பியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பாவத்துக்கு வருவோம். பழி தீர்க்கப் புகையிலையைத் தொடலாமா என்கிறார்கள். அவள் என்ன கேட்டாள்? யாருக்காவது நோய் வரட்டும் என்றா, வீடு எரியட்டும் என்றா? கண்ணால் பார்த்ததைச் சொல் என்றாள். அதைச் சொன்னதற்கே ஒருத்தி தலை குனிய வேண்டியிருந்தால், குனிய வைத்தது புகையிலை இல்லை. அவள் மனதில் பழி இருந்ததா? இருந்தது. இரண்டு மாதம் ஒவ்வொரு தையலிலும் இருந்தது. அன்று இரவு அவள், மகள் போனபின் முதல் தடவையாக, விடியும் வரை தூங்கினாள். அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

பாவ்வாவ் முடிந்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை. அவள் மஞ்சள் தோள்பட்டையைத் தையல் தையலாகப் பிரித்து முடித்திருந்தாள். துணிமணி ஒரே பையில். நரிமுனையிலிருந்து தம்பி அரிசி பழுக்கத் தொடங்கிவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தான்.

டெல்பர்ட் அதே மேசையில் உட்கார்ந்திருந்தான். “உடை கிடைச்சுடுச்சு. எங்கக்கா வீட்ட விட்டு வெளிய வர்றதில்ல. மைக்க வேற ஆளுகிட்டக் குடுத்துட்டேன். இன்னும் என்ன வேணும் உனக்கு?”

“உன்கிட்ட இனி ஒண்ணும் வேணாம்.”

“அதான் உண்மையச் சொல்லிட்டேனே, ஆர்டிஸ். ஊரு முன்னாடி.”

“புகையிலைக்குச் சொன்ன. எனக்குச் சொல்லல.” அவள் பையைத் தோளில் மாட்டினாள். “மே மாசம் இந்த மேசைல கேட்டேன். சூப்பு குடிச்ச. கையில ஒண்ணும் இல்லாம உன் பெண்டாட்டி கேட்டா. ஞாபகம் இல்லைன்ன. மூணு மாசம் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்ட. ஊரே என்னைத் திருடி மாதிரிப் பாக்கறதப் பாத்துட்டே சாப்பிட்ட.”

“அவ எங்கக்கா. நான் என்ன பண்ணுவேன்?”

“மார்லா உனக்கு யாரு?”

டெல்பர்ட்டின் காது சிவந்தது. இந்தத் தடவை பொய்யால் இல்லை.

“அரிசி முடிஞ்சதும் வருவல்ல?” என்று கேட்டான் கடைசியில், வெளவாலுக்குப் பயந்து கூப்பிடுகிற அதே குரலில்.

“அக்காவக் கூப்பிடு. எதா இருந்தாலும் பத்திரமா வெச்சுப்பாங்க.”

சலங்கை உடையை அவள் மடிக்கவில்லை. தோள்மேல் போட்டுக்கொண்டாள். காலை ஒன்பது மணி, ஊர் முழுக்க விழித்திருந்தது. எதிர் வீட்டுப் படியில் இரண்டு பேர் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மழை பெய்வது மாதிரி சத்தம் கேட்டது. அவர்களைப் பார்த்து “காலை வணக்கம்” என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். வலைக் கதவைத் திறந்தவள் சாத்தவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் ஏரிக்கரையில் கொசு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? வேண்டுமானால் அவனே எழுந்து வந்து சாத்திக்கொள்ளட்டும்.